சுவருக்குப் பின்னால் நிரப்பியது

நான் கட்டிய முதல் சுவர் முழுசாக ஒரு வருடம்கூட நிற்கவில்லை. மாசியில் கட்டி முடித்தேன், ஐப்பசியில் விழுந்தது. இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. அப்போது யாராவது அந்தச் சுவரைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டைக்குப் போய்விடுவேன்.

எழுபதுகளின் கடைசி. அரசாங்கச் சாலை வேலையில் சேர்ந்து, போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருந்தது. காகிதத்தில் இளநிலைப் பொறியாளர். மலையில் எல்லோருக்கும் ஓவர்சியர். நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் தரை தட்டையாகக் கிடக்கும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வாய்க்காலில் துரும்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவனைக் கொண்டைஊசி வளைவுகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டார்கள். முதல் ஒரு மாதம் ஜீப்பில் ஏறினாலே குமட்டும். டிரைவர் எனக்கென்று தனியாக ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்.

மெட்டுக்கு இரண்டு வளைவு கீழே, சாலையின் பள்ளத்துப் பக்கத்தைத் தாங்குவதற்காக அந்தச் சுவரைக் கட்டினோம். கருங்கல்லும் சிமெண்ட்டும் வைத்த, இரண்டு ஆள் உயரச் சுவர். அதன் காலடியில் ஒரு நடைபாதை. பாதைக்குக் கீழே சரிவு. சரிவு முடியும் இடத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்காரர்களின் லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு வீடுகள். சுவரில் கை நுழையும் அளவுக்கு இருபத்திரண்டு ஓட்டைகள் விட்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் மண்ணில் சேரும் மழைத்தண்ணீர் வெளியே வடிவதற்காக. தண்ணீர் வடியாவிட்டால் ஊறிய மண் கனத்துச் சுவரைத் தள்ளிவிடும். படிக்கிற காலத்தில் இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் பகலில் சுவர் சாய்ந்தது. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் காய் எடுக்கப் போயிருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்லும் சேறும் சரிவில் உருண்டு லயத்தின் கடைசி வீட்டு அடுப்படியை அப்படியே வாரிக்கொண்டு போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டுக்காரப் பெண் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ஒரு கரண்டியை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். காய் எடுக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. கணவர் மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவர்.

என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"இந்தச் சுவரு எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு கட்டுனீக?"

"மழைக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?" என்று கத்தினேன். அடுப்படியை இழந்து நிற்கிற பெண்ணிடம் முதல் வார்த்தையாக இப்படித்தான் பேசினேன். என் குணம் அப்படி. தப்பு செய்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் குரல் தானாக உயர்ந்துவிடும்.

இரண்டு நாள் கழித்து மழை விட்டது. இடிந்த கற்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று ஓட்டைகள் உடையாமல் முழுசாகக் கிடந்தன. ஒன்றுக்குள் கம்பியை விட்டேன். போகவில்லை. குடைந்து எடுத்தால் கிழிந்த சாக்கும் களிமண்ணும் சேர்த்து இறுக்கிய ஒரு கட்டி வந்தது. அடுத்ததிலும் அதே கட்டி. மூன்றாவதில் கட்டிக்கு முன்னால் பாலிதீனில் சுற்றிய ஒரு மூட்டை. பிரித்தால் உள்ளே ஒரு பழைய சேலை, மடிப்புக் கலையாமல், காய்ந்து இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குள் போனேன். பெண்கள் ஏலச்செடிகளின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருடையது இது? சுவரில் ஓட்டையை அடைத்தது யார்?"

யாரும் மறைக்கவில்லை. ஒருத்தி சிரித்துக்கொண்டே, "அய்ய, அது என் சேல. கொண்டாங்க" என்று கையை நீட்டினாள்.

விஷயம் இதுதான். போடியிலிருந்து தினமும் விடியக்காலையில் ஜீப்பில் வரும் பெண்கள் அந்த வளைவில்தான் இறங்குவார்கள். மழைக்காலத்தில் தலையில் கொங்காணி போட்டுக்கொள்வார்கள். சாக்கையோ பாலிதீனையோ மடித்துக் கூம்பாகத் தலையில் மாட்டிக்கொள்வதுதான் கொங்காணி. அது தலையையும் முதுகையும் காக்கும். இடுப்புக்குக் கீழே நாள் முழுக்க ஈரம். அந்த ஈரத்தோடு திறந்த ஜீப்பில், மலைக்காற்றில், போடி வரை இறங்கினால் பற்கள் கிட்டிப் போகும். அதனால் ஒரு மாற்றுச் சேலை கொண்டுவந்து எங்காவது நனையாமல் வைப்பார்கள். என் சுவர் எழுந்ததும் அவர்களுக்கு இருபத்திரண்டு மாடங்கள் கிடைத்துவிட்டன. உள்ளேயிருந்து தண்ணீர் கசிந்தது. தோட்டத்தில் ஓடையை மறிக்கச் சாக்கும் களிமண்ணும் வைத்து அடைப்பது அவர்களுடைய தினப்படி வேலை. அதே கைப்பழக்கத்தில் ஓட்டையின் பின்பக்கத்தைச் சொட்டும் கசியாமல் அடைத்துவிட்டு, முன்பக்கத்தில் சேலையை வைத்தார்கள்.

"தண்ணி போறதுக்கு விட்ட ஓட்டைம்மா அது!"

"அத எங்ககிட்ட யாரு சொன்னா? அலமாரி வச்சுக் கட்டியிருக்காக, நல்ல மனுசன்னுல்ல பேசிக்கிட்டோம்" என்றாள் சேலைக்காரி.

தலைவி மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த காய்க்கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அடைக்கிறதுக்குச் சொல்லிக்குடுத்தது நாந்தான்" என்றார். "அப்ப என் அடுப்படிய நானே சாச்சுப்புட்டேனா?"

ஆமாம் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது. வெட்கமாக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த நிம்மதிக்குக் காரணம் உண்டு. கற்களைப் புரட்டும்போது நான் இன்னொன்றையும் பார்த்திருந்தேன். சுவருக்குப் பின்னால் ஒரு முழ அகலத்துக்கு உடைகல் நிரப்ப வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் அந்தக் கற்களின் இடுக்கு வழியாக இறங்கி ஓட்டைக்கு வரும். அங்கே ஒரு கல்கூட இல்லை. அடியிலிருந்து மேல்வரை வெறும் செம்மண். நிரப்பிய இரண்டு நாளும் நான் மலையில் இல்லை. ஊரில் பெண் பார்க்கப் போயிருந்தேன். காண்டிராக்டரிடம் "முடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது மேலே சாலைமட்டத்துக்கு மண் மூடியிருந்தது. தோண்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பெண் வீட்டுக்காரர்களோ, மலைக்காட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போன காரியமும் போச்சு, இருந்த சுவரும் போச்சு.

ஓட்டை அடைபடாமல் இருந்திருந்தாலும் அந்தச் செம்மண் என்றைக்காவது சுவரைத் தள்ளியிருக்கும். கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான். அறிக்கை எழுத உட்கார்ந்தபோது இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, "தோட்டத் தொழிலாளர்கள் வடிகால் ஓட்டைகளை அடைத்ததால் சுவர் சரிந்தது" என்று மட்டும் எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செம்மண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை.

மேலதிகாரி அறிக்கையைப் படித்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். "இந்த ஆட்கள் பக்கத்தில் இருக்கும்வரை எந்தச் சுவரும் நிற்காது. லயத்தைக் காலி பண்ணச் சொல்லித் தோட்டத்துக்கு எழுதிடுவோம்" என்றார். தோட்டத்துக்காரர்களும் சரி என்றார்கள். ஓடு மாற்ற வேண்டிய பழைய கட்டிடம், அவர்களுக்கும் ஒரு தொல்லை விட்டது. தை முடிவதற்குள் ஆறு குடும்பமும் இடத்தைவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வரி அறிக்கை ஆறு வீட்டைக் காலி செய்யும் என்று நான் நினைக்கவே இல்லை.

மார்கழியில் ஒருநாள் காலை அந்தத் தலைவி போடியில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். காய் எடுப்பு உள்ள நாளில் வேலையை விட்டுவிட்டு லோடு ஜீப்பில் இறங்கி வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அய்யா, ஓட்டைய அடைக்கச் சொன்னது நானு. அந்த அஞ்சு வீட்டு ஆளுகளும் ஒன்னும் செய்யல. எங்க வீட்ட மட்டும் எடுத்துக்கங்க. நாங்க எங்கிட்டாவது போய்க்கிறோம். அவுகள இருக்க விடுங்க."

அவரே தொடர்ந்தார்.

"லயத்துல ஒருத்தரும் என்கூடப் பேசறதில்ல அய்யா. தண்ணி எடுக்கப் போனா விலகி நிக்கிறாக. அவுக மேலயும் தப்பில்ல. ரெண்டு தலமொறையா இருந்த எடம். என்னாலதான போகுது."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார். என்னைக் கும்பிட்டார். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்குவதுபோல் பாசாங்கு செய்தேன். "பார்க்கிறேன், போய்ட்டு வாங்க" என்று என்னவோ சொன்னேன். அவர் போனபிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை. என் வாழ்க்கையில் என்மேலேயே எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்த நாள் வேறு இல்லை.

அன்று மதியமே இரண்டாவது அறிக்கையை எழுதினேன். பின்னால் நிரப்பியது மண், கல் அல்ல. நிரப்பும்போது நான் அங்கே இல்லை. சோதிக்காமல் கையெழுத்திட்டேன். ஓட்டை எதற்கென்று பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவும் இல்லை. மேலதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்குப் பைத்தியமாய்யா? முடிஞ்சு போன விஷயம் இது."

"லயம் காலி ஆகலையே சார். இன்னும் முடியலை."

எனக்கு மெமோ கொடுத்தார். கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒன்று செய்தார், அதற்காக அவரை இன்றும் மறக்கவில்லை. தோட்டத்துக்கு எழுதி, காலி செய்வதை அடுத்த ஐப்பசி வரை தள்ளிவைத்தார். "ஒரு ஐப்பசி மழைக்கு உன் புதுச் சுவர் நிக்கட்டும். நின்னா லயம் இருக்கட்டும். விழுந்தா நான் ஒன்னும் பேச மாட்டேன், நீயும் பேசாதே" என்றார்.

தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினோம். வழக்கமாக இடிந்த கல்லைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, மலையில் வெடிவைத்துப் புதுக்கல் உடைப்பார்கள். பள்ளத்தில் தள்ளினால் லயத்துக்குப் பக்கத்து ஓடை அடைபடும். வெடி வைத்தால் ஏற்கனவே தளர்ந்திருக்கிற சரிவு இன்னும் தளரும். நான் ஒரு கல்லையும் தள்ளவிடவில்லை. பெரிய கல்லெல்லாம் மறுபடி சுவருக்கு. உடைந்தவை, சில்லு, பழைய காரை ஒட்டியவை எல்லாம் தட்டிச் சுத்தம் செய்து சுவருக்குப் பின்னால் நிரப்ப. புதிதாகக் கல் வாங்க வேண்டாம் என்றதும் ஆபீசில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

காய் எடுப்பு ஓய்ந்த நேரம் என்பதால் அந்தப் பெண்களே கூலிக்கு வந்தார்கள். முதல் நாள் கல் கைமாறத் தொடங்குமுன் தலைவியைத் தனியாகக் கூப்பிட்டு, சுவர் விழுந்ததில் என் பங்கு என்ன என்பதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உயரவே இல்லை. எனக்கே அது புதிதாக இருந்தது.

அவர் முழுசாகக் கேட்டார். முகம் இறுகிவிட்டது.

"இத என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? அந்தா நிக்கிறாளுக பாருங்க, அவளுககிட்டப் போய்ச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். இருபது பெண்களும் நாலைந்து ஆண்களும் நின்றார்கள். காது நுனி வரை சுட்டது. சொல்லி முடித்தேன். அந்தச் சேலைக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அந்தச் செம்மண்ணச் சொமந்து கொட்டுனதே நாங்கதானய்யா. ரெண்டு நாளு, இந்தத் தலையில. கல்லச் சொமக்கச் சொல்லியிருந்தா கல்லச் சொமந்திருப்போமே!"

அதில் கோபம்கூட இல்லை, ஆதங்கம்தான் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். எது எதற்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களே அந்தச் சுவரைக் காப்பாற்றியிருப்பார்கள். நான் அவர்களைக் கூடை தூக்கும் கைகளாக மட்டும் பார்த்திருந்தேன். அன்றைக்குத் தலைவியின் தோளில் ஒரு கிழவி கையைப் போட்டதைப் பார்த்தேன். தண்ணீர் எடுக்கும் இடத்தில் விலகி நின்றவர்களில் அவரும் ஒருவர் என்று பிறகு தெரிந்தது.

தலைவி மட்டும் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்வார். நான் ஏதாவது கேட்டால் பக்கத்தில் இருப்பவளிடம் பதில் சொல்வார், "சரின்னு சொல்லுடி." எனக்கு அது உறைக்க வேண்டியதுதான்.

ஒன்பதாம் நாள் அவரே பேசினார். "இந்தக் கல்லு வழியாத் தண்ணி ஓட்டைக்கு வரும்னு சொல்றீகளே, எப்படித் தெரியும்? வந்துச்சான்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. வரும் என்று புத்தகத்தில் இருந்தது. அன்றைக்கே ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து, நிரப்பிய கல்மேல் ஊற்றினார்கள். கீழே ஓட்டை வாயில் ஒருத்தி குனிந்து நின்றாள். "வருது, வருது!" என்று கத்தினாள். அதிலிருந்து அது ஒரு முறையாகிவிட்டது. ஒவ்வொரு வரிசை கல் ஏறியதும் குடத்தோடு வந்து ஊற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் வரத் தாமதமானால் கல்லை எடுத்து மறுபடி அடுக்குவார்கள். அப்புறம் ஆளுக்கொரு ஓட்டையை எடுத்துக்கொண்டார்கள். இது என்னோடது, அது உன்னோடது என்று பேச்சு. அவரவர் ஓட்டையில் தண்ணீர் முதலில் வந்தால் அன்று முழுக்கப் பெருமை தாங்காது. தலைவி அடிவரிசையில், லயத்துக்கு நேர் மேலே இருந்த ஓட்டையை எடுத்துக்கொண்டார்.

சுவருக்கும் லயத்துக்கும் நடுவே இருந்த சரிவு மொட்டையாகக் கிடந்தது. அதற்கு என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. தோட்டத்துக்குள் மண் அரித்த இடங்களில் இந்தப் பெண்கள் முள்ளுமுருங்கைக் கம்புகளை வரிசையாக அடித்து, பின்னால் வெட்டிப்போட்ட ஏலத்தட்டைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி, மேலே மண் மூடுவார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் போவேன். குப்பையைப் போட்டு மூடுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கம்பு வேர்விட்டுத் துளிர்த்துவிடும். தட்டை மக்கி மண்ணாகும். மண் இடத்தைவிட்டு நகராது. பெரிய அறிவியல், என் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதையே இந்தச் சரிவு முழுக்கச் செய்தால் என்ன?" என்று கேட்டேன். அதுவரை "ஏம்மா" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"செய்யலாம், இம்புட்டுச் சரிவுல யாரும் செஞ்சதில்ல. நிக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார். இரண்டு பேருக்கும் தெரியாத வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். படியாகப் படியாக ஏழு வரிசை கம்பு அடித்தோம். தோட்டத்தில் கழித்துப் போட்ட தட்டையெல்லாம் தலைச்சுமையாக வந்தது. நடுவே வெட்டிவேர்ச் செடிகளை நட்டோம். முதலில் அடித்த வரிசையில் பாதிக் கம்பு காய்ந்து போனது. வெயில் ஏறியபின் நட்டதால் என்று அவரே சொல்லி, அடுத்தடுத்த வரிசைகளைச் சாரல் விழும் நாளாகப் பார்த்து நட்டார். ஆடியில் சரிவெங்கும் மூன்று மூன்றாகப் பச்சை இலைகள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். வேலை இல்லாத நாளிலும் ஜீப்பேறிப் போய் எந்தக் கம்பு புதிதாகத் துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பேன்.

சுவரின் கடைசியில், மழை படாத பக்கம் பார்த்து, கல்லிலேயே வரிசையாகச் சில மாடங்கள் கட்டிக் கொடுத்தேன், சேலை வைப்பதற்கு. பார்வையிட வந்த மேலதிகாரி, "இது டிராயிங்கில் இல்லையே?" என்றார். "போன தடவை இது இல்லாமல்தான் சார் சுவர் விழுந்தது" என்றேன். முறைத்தார். இடிக்கச் சொல்லவில்லை.

ஐப்பசி வந்தது. மெட்டுக்கு மேலே மூட்டம் கட்டி, பிறகு மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, போன வருடம் சுவரைச் சாய்த்தது போன்ற அதே மழை. போடி ஆபீசில் ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு நான் கிளம்பும்போது ஜீப் டிரைவர் ஓடி வந்தார்.

"மேல இருந்து சொல்லி விட்டிருக்காக சார். வெரசா வரச் சொல்றாக. ஒரு ஓட்டையில தண்ணி வரலயாம்."

மலை ஏறும் வழியெல்லாம் சாலையில் தண்ணீர் ஓடியது. எனக்கு எலுமிச்சம்பழம்கூட ஞாபகம் வரவில்லை. வளைவில் இறங்கிப் பாதைக்கு ஓடினேன். கொங்காணி போட்ட பெண்கள் சுவரை ஒட்டி நின்றார்கள். ஓட்டைகள் எல்லாம் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தன. கலங்கலாக இல்லை, தெளிந்த தண்ணீர். கல்லுக்குப் பின்னால் மண் கரையவில்லை என்று அர்த்தம். கீழே சரிவில் முள்ளுமுருங்கை வரிசைகள் அசையாமல் நின்றன, இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடிவரிசையில் ஒரே ஓர் ஓட்டை மட்டும் வறண்டு கிடந்தது. அதைச் சுற்றியிருந்த கல் ஈரத்தில் கறுத்து, இணைப்புகளில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அது தலைவியின் ஓட்டை.

அவர் அதற்கு முன்னால் நின்றார். நான் வாயைத் திறக்குமுன் சொன்னார்.

"நான் ஒன்னும் வைக்கல அய்யா. சத்தியமா நான் ஒன்னும் வைக்கல."

அந்தக் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருடத்துக்குமுன் நான் எழுதிய ஒற்றை வரி இன்னும் அவர் மனசுக்குள் இருந்தது.

"தெரியும்க்கா" என்றேன். "நகருங்க, கம்பியைக் கொண்டாங்க."

கம்பி உள்ளே ஒரு முழம் போய் எதிலோ முட்டியது. நான் குத்தினேன், நகரவில்லை. அவரும் கம்பியைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து திருகினோம். மற்றப் பெண்கள் பின்னாலிருந்து, "தள்ளுங்க, இழுக்காதீக", "இழுங்க, தள்ளாதீக" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏதோ நொறுங்குவது கைக்குத் தெரிந்தது. மறுகணம் உள்ளே அடைந்து நின்ற தண்ணீர் முழு வேகத்தில் பாய்ந்து என் முகத்தில் அடித்தது. கம்பியோடு பின்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீரோடு வந்து என் மடியில் விழுந்தது ஒரு காரைக்கட்டி. பழைய சுவரின் சிமெண்ட்டுக் காரை. தட்டிச் சுத்தம் செய்யாமல், மாலையாகிவிட்டது, இது போதும் என்று நானே பார்த்து உள்ளே அனுப்பிய கல்லில் ஒட்டியிருந்தது.

அதை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினேன்.

"இது என்னோடது!"

சேலைக்காரி முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். தலைவி சிரிக்கவில்லை. பாய்ந்து வரும் தண்ணீரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, அது கலங்கல் தெளியும்வரை அப்படியே நின்றார். தெளிந்ததும் கொங்காணியைத் தலையிலிருந்து கழற்றி என்மேல் போட்டார். அந்த மழையில் தலை நனைய நின்றுகொண்டு, கீழே லயத்தைப் பார்த்து உரக்கக் கத்தினார்.

"ஏ, யாரும் சாமானக் கட்ட வேணாம்டி! கட்டுனதப் பிரிச்சு வைங்க!"

கீழே ஆறு வாசலிலும் ஆட்கள் மூட்டை முடிச்சோடு தயாராக நின்றிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள்.